நிழல் என்று டொக்டர் சொன்னால்

'நிழல்' என்பது நமக்கு எப்போதும் நல்ல சொல்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்துக்கு வந்து கிடுகுக் கொட்டில்களில் தங்கினார்களே, அவர்களுக்கு நிழல் என்றால் புகலிடம்.

மணிக்கூடு இல்லாத காலத்தில் அஸர் நேரத்தைக் காட்டியதும் நிழல்தான். ஒரு கம்பை நட்டு, உச்சிப்பொழுது நிழலைக் கழித்து, மிச்சம் கம்பின் உயரமளவு வந்தால் ஷாபிஈ மத்ஹபின்படி அஸர். ஹனபி மத்ஹபில் இருமடங்கு. நம் கரையில் ஏப்ரல் நடுப்பகுதிக்குச் சற்று முன்பும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று கழிப்பதற்கு நிழலே இராது. (முற்றத்தில் உலக்கையை நிறுத்திப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், பாடப்புத்தகத்தை விட நன்றாக விளங்கும்.)

இதே சொல் ஆஸ்பத்திரிக்குள் போனால் வேறு முகம் காட்டுகிறது. எங்கள் கற்பிட்டிப் பக்கத்து ராத்தா ஒருவருக்கு வாரக்கணக்கில் இருமல். எக்ஸ்ரே பார்த்த டொக்டர், "நெஞ்சில் ஒரு நிழல் தெரிகிறது, சளியைச் சோதிக்க வேண்டும்" என்றார். ராத்தா படத்தைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துவிட்டார். இளைய மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. நெஞ்சில் கறுப்பு விழுந்துவிட்டது என்று ஊர் அறிந்தால் என்னாவது? இரண்டு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பதுதான் காற்று நிறைந்த நல்ல நுரையீரல். கதிர் எளிதில் ஊடுருவாத இடம் வெள்ளையாகத் தெரியும். டொக்டர்மார் நிழல் என்பது அந்த வெள்ளையைத்தான்! அது ஒரு நோயின் பெயருமல்ல. நியுமோனியாவாக இருக்கலாம், ஆறிப்போன பழைய தழும்பாக இருக்கலாம், காசநோயாகவோ கட்டியாகவோ இருக்கலாம். எது என்று அறியத்தான் சளிப் பரிசோதனை.

ஸ்கேனிலோ கதை தலைகீழ். பித்தப்பைக் கல் வெள்ளையாக மின்னும். ஒலியலை அதைத் தாண்டிப் போகாததால் பின்னால் கறுப்பாக ஒரு வால் விழும். அதற்கும் நிழல் என்றே பெயர். அங்கே நிழல் நோயல்ல, கல்லைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி. ஆகவே டொக்டர் நிழல் என்றால், "எதனுடைய நிழல், அடுத்து என்ன சோதனை?" என்று அங்கேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

ராத்தாவுக்குக் காசநோய்தான். அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் மருந்து இலவசம். வழமையாக ஆறு மாதம், இடையில் விடாமல் குடிக்க வேண்டும். முதல் நாளே தாதி வீட்டில் யார் யார் என்று கேட்டு எழுதினார். அந்த இரண்டு மாதமும் ராத்தாவோடு ஒரே பாயில் படுத்த பேரப்பிள்ளையையும் கூட்டிவரச் சொன்னார்.