தூண்டிலும் தறியும்

காஞ்சிபுரத்தின் மேற்குப் பகுதியில் நெசவாளர் நிறைந்து வாழும் பேட்டை பிள்ளையார்பாளையம். வைகறையில் அங்குச் செல்வோர், தெருவின் நீளத்திற்கு விரித்துக் கட்டிய பட்டுப் பாவினையும், அதன் இருமருங்கும் நின்று இழைகளைச் சீர்செய்யும் மக்களையும் காணலாம். கதிரவன் எழுந்தபின் வீடுதோறும் தறியின் ஓசை கேட்கத் தொடங்கும். புடைவையின் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் நெய்து, இரண்டையும் இழையோடு இழை கோத்து ஒன்றாக்கும் கோர்வை வேலைப்பாடு காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு. அவ்வேலைக்குக் கைத்திறன் மட்டும் போதாது, பொறுமையும் வேண்டும்.

இப்பேட்டையிலே ஐம்பது ஆண்டுகள் தறியில் அமர்ந்து ஓய்ந்த முதியவர் ஒருவர் இருந்தார். கண்ணொளி சிறிது மங்கியபோது அவர் தறியை மகனிடம் ஒப்புவித்தார். ஆயினும் விரலின் அறிவு மங்கவில்லை. ஓர் இழையை இரு விரல்களின் இடையே உருட்டிய அளவில் அதன் பருமன் எத்தகையது, முறுக்கு எத்தகையது என்று கூறிவிடுவார். முடிந்த பாவின் இழைமுனைகளைப் புதிய பாவின் இழைமுனைகளோடு ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்கும் வேலைக்கு அயல்வீட்டாரும் அவரை அழைப்பர்.

மீன்களை அவர் அறிந்தது சிறுவயதிலே, திருக்குளத்திலே. பிள்ளையார்பாளையத்திற்கு அணித்தே உள்ளது சருவதீர்த்தக் குளம். அதன் படியில் நின்று பொரியைத் தூவினால் மீன்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும். மீன் என்றால் கண்டதையெல்லாம் கவ்வும் உயிர் என்றே அவர் நெடுங்காலம் எண்ணியிருந்தார். அவ்வெண்ணத்தை மாற்றியவன் அவருடைய பேரன்.

பேரன் மீன்வளக் கல்லூரியில் பயிலும் மாணவன். ஒரு விடுமுறைக்கு வந்தபோது, ஒன்பது அடி நீளமுள்ள மெல்லிய கோல் ஒன்றையும் வண்ணக் கயிறு சுற்றிய உருளை ஒன்றையும் கொண்டுவந்தான். “தாத்தா, இது மற்றத் தூண்டில் போன்றதன்று. மற்றவற்றில் ஈயக்குண்டின் பாரம் கயிற்றை இழுத்துச் செல்லும். இதில் குண்டு இல்லை. கயிறே பாரம். கோலை முன்னும் பின்னும் வீசக் கயிறு காற்றிலே வளைந்து விரிந்து, முனையில் கட்டிய இறகு இரையை ஓசையின்றி நீர்மேல் இறக்கும்” என்றான்.

முதியவர் கயிற்றை விரலில் உருட்டிப் பார்த்தார். “இது பட்டன்று” என்றார்.

“முன்பு பட்டாகவே இருந்தது, தாத்தா” என்றான் பேரன். பின்னர் அவன் கூறிய செய்தி முதியவரை வியப்பில் ஆழ்த்தியது. 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் இவ்வகைத் தூண்டிற் கயிறுகள் பட்டினாலே பின்னப்பெற்று, ஆளிவிதை எண்ணெய் ஊட்டப்பெற்றன. கயிற்றுக்கும் இரைக்கும் இடையே மீனின் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நுண்ணிய நரம்பு ஒன்று வேண்டும். அதுவும் பட்டுப்புழுவின் கொடையே. கூடு கட்டும் பருவத்துப் புழுவைப் புளிக்காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை நீட்டி இழுத்து அந்நரம்பினைச் செய்தனர். ஸ்பெயின் நாட்டு மூர்சியா இத்தொழிலுக்குப் பேர் பெற்றிருந்தது. 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் நைலானை உலகிற்கு அறிவித்தது. அதன்பின் பட்டு நரம்பு மெல்ல மெல்ல வழக்கொழிந்தது.

இக்கலை தமிழகத்திற்கு முற்றிலும் புதியதன்று. சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ் என்னும் ஆங்கிலேயர், இந்திய நாட்டில் கோல்தூண்டில் கொண்டு மீன்பிடித்தலைப் பற்றி 1873-ஆம் ஆண்டிலேயே நூல் ஒன்று வெளியிட்டார். ஆயினும் நெசவுத் தெருவில் அக்கோல் புதுமையாகவே இருந்தது.

அன்று தொட்டு முதியவர் இறகு இரை கட்டுவதில் ஈடுபட்டார். கோழியின் இறகு, ஆட்டு மயிர், தறியில் எஞ்சிய பட்டிழை, வெட்டிக் கழித்த சரிகைத் துண்டு ஆகியவற்றைக் கொண்டு முள்ளின்மேல் மடவைக் குஞ்சு போன்ற உருவங்களைச் சமைத்தார். அவற்றின் அழகைக் கண்டு பேரன் மகிழ்ந்தான். “இவற்றைக் கொடுவா கண்டால் விடாது” என்றான்.

கொடுவா என்பது வங்கக் கடலோரக் கழிமுகங்களில் வாழும் பெருமீன். ஆஸ்திரேலியர் இதனையே பாரமுண்டி என்பர். இதன் வாழ்க்கை விந்தையானது. உவர்நீர் உள்ள ஆற்றுமுகத்தருகே இது முட்டையிடும். குஞ்சுகள் கழிகளிலும் அலையாத்திக் காடுகளிலும் வளரும்; ஆற்றில் நீர் இருப்பின் அதனை எதிர்த்து உள்நாடு நோக்கியும் ஏறும். முதிர்ந்தபின் இனம் பெருக்கக் கடல்முகம் நாடித் திரும்பும். இளமையில் ஆணாக இருக்கும் இம்மீன், சில ஆண்டுகள் கழிந்தபின் பெண்ணாக மாறும். ஆதலின் மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் பெண்மீன்களே.

தைத் திங்களில் ஒரு நாள் இருவரும் முதற்பேருந்தில் புறப்பட்டனர். காஞ்சியைத் தொட்டோடும் வேகவதி, திருமுக்கூடலிலே செய்யாற்றோடு பாலாற்றிற் கலக்கின்றது. பாலாறு செங்கல்பட்டைக் கடந்து வாயலூர் அருகே கடலை அடைகின்றது. கோடையில் அதன் முகத்தை மணல்மேடு அடைத்துவிடும். மழைவெள்ளம் வரும்போது மேடு உடைந்து வாய் திறக்கும். அவர்கள் சென்ற நாளில் வாய் திறந்திருந்தது. மழைக்காலக் கலங்கல் தெளிந்து, முழங்கால் ஆழத்து நீரிலே மணலின் வரிகளும் தெரிந்தன.

சிறிது தொலைவில் மடவைக் குஞ்சுகளின் கூட்டம் ஒன்று நிழல்போல் நகர்ந்தது. அதன் பின்னே நீண்ட உருவங்கள் சில அசையாது நின்றன. பேரன் விரைந்து நடந்து கோலை வீசினான். இரை விழுமுன்னரே அவ்வுருவங்கள் மறைந்தன.

“என்னைக் கண்டுவிட்டன” என்றான் அவன். நீருக்குள்ளிருந்து மேலே நோக்கும் மீனுக்கு, வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை விரிந்த ஒரு வட்டச் சாளரத்துள் ஒடுங்கித் தோன்றும். நிமிர்ந்து நிற்பவன் உருவம் அச்சாளரத்தில் எளிதில் புலனாகும். குனிந்திருப்பவன் உருவம் அதன் விளிம்பிலே தேய்ந்துவிடும். மேலும், உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உறுப்பினால் நீரின் சிற்றதிர்வையும் மீன் உணரும். பேரன் இவற்றையெல்லாம் படித்திருந்தான், விரைவிலே மறந்தான்.

இரண்டாம் முறை குனிந்து சென்று மெல்ல வீசினான். கொடுவா ஒன்று இரையைத் தொடர்ந்து வந்தது, ஒரு சாண் தொலைவில் நின்று நோக்கியது, திரும்பிச் சென்றது. மூன்றாம் முறையும் நான்காம் முறையும் அவ்வாறே நிகழ்ந்தது. அவன் சலித்து, “இவை கவ்வா, தாத்தா. வேறிடம் போவோம்” என்றான்.

முதியவர் மணல்மேட்டில் அமர்ந்தவாறே, “தறியில் இழை அறுந்தால் வேறு தறிக்கா போவோம்? அறுந்த இடத்தைத் தேடுவோம். உட்கார், தம்பி” என்றார்.

ஒரு நாழிகைக்கு மேல் இருவரும் வாளா இருந்து நோக்கினர். கண்ணொளி குறைந்தவரே முதலிற் கண்டார். மடவைக் குஞ்சுகள் ஒரே சீராக ஓடவில்லை. ஓடி நின்று, நின்று ஓடின. கூட்டத்தில் ஒன்று தளர்ந்து பின்தங்கும் அந்த நொடியிலேதான் கொடுவா பாய்ந்தது. அன்றியும், குஞ்சுகள் எப்பொழுதும் மின்னவில்லை; உடல் திரும்பும்போது மட்டும் ஒருமுறை பளிச்சிட்டன.

“குற்றம் என்னுடையது” என்றார் முதியவர். “முகூர்த்தப் புடைவைக்கு இடும் சரிகையை மீன்குஞ்சுக்கு இட்டுவிட்டேன்.” இரையை வாங்கிச் சரிகைகளை ஒவ்வொன்றாக உருவினார், ஒரே ஓர் இழையை மட்டும் விட்டுவைத்தார். பழைய முடிச்சை அவிழ்த்து, நரம்பின் முனையைத் தம் விரலால் சோதித்துப் புதிதாக முடிந்தார். இறுக்குமுன் முடிச்சை நீரில் நனைத்தார். உலர்ந்த நைலானை இறுக்கினால் உராய்வின் வெம்மையால் அது வலிவிழக்கும் என்று பேரன் முன்பே கூறியிருந்தான். பேரன் மறந்ததை முதியவர் மறக்கவில்லை.

இம்முறை இரை இறகு வீழ்வதுபோல் நீரில் இறங்கியது. பேரன் கயிற்றைச் சிறிது இழுத்தான், நிறுத்தினான், மீண்டும் இழுத்தான், நீள நிறுத்தினான். நீர் வெடித்தாற் போன்ற ஓசை எழுந்தது. கோல் வில்லாக வளைந்தது. கொடுவாவின் செவுள்மூடி கத்திபோற் கூரியது. தலையை உதறும்போது நரம்பு அதிற் பட்டால் அறுந்துபோகும். “இழைக்கு இடங்கொடு, தளரவும் விடாதே” என்று முதியவர் தாழ்ந்த குரலிற் கூறிக்கொண்டே இருந்தார். நெடுநேரத்திற்குப்பின் மீன் ஆழமற்ற நீரிற் சாய்ந்தது. இரண்டு முழத்திற்குக் குறையாத நீளம்; கண்கள் கதிரொளியிற் செம்பொன்னாய் ஒளிர்ந்தன.

அருகே வீச்சுவலையுடன் நின்ற மீனவர் ஒருவர் ஓடிவந்து பார்த்து, “நல்ல விலை போகும், பெரியவரே” என்றார். அவர் கூறியது உண்மை. அம்மீனின் விலை, பேரனின் ஒரு திங்கள் விடுதிச் செலவில் ஒரு பகுதியைத் தாங்கும். பேரன் தாத்தாவின் முகத்தைப் பார்த்தான். “இது பெண்மீன், தாத்தா. பல இலட்சம் முட்டைகள் இடக்கூடியது” என்று மட்டும் சொன்னான்.

முதியவர் சற்றே எண்ணினார். “விட்டுவிடு” என்றார்.

பேரன் மீனை நீரோட்டத்தை எதிர்நோக்கித் தாங்கிப் பிடித்தான். செவுள்கள் சீராக அசையத் தொடங்கியதும் அது வாலை ஒருமுறை வீசி ஆழத்திற்குச் சென்றது.

மீனவர் அதனையே பார்த்து நின்றார். “நீங்கள் விடலாம், பெரியவரே. உங்களுக்கு இது விளையாட்டு. எனக்கு இது சோறு” என்றார். அச்சொல்லிற் சினமில்லை; உண்மை இருந்தது. முதியவர், “நீங்கள் சொல்வது சரி. நான் நெய்த புடைவையை விற்காமல் விடு என்று ஒருவர் சொன்னால் நானும் இதையே சொல்வேன்” என்று விடையளித்தார்.

அப்போது பேரன் கடல் கடந்த நாட்டுச் செய்தி ஒன்றை எடுத்துரைத்தான். அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில் ஸ்டிரைப்டு பாஸ் என்னும் வரிமீன் உண்டு. வெள்ளி உடலில் கருங்கோடுகள் நெடுக ஓடும். அதுவும் தெளிந்த ஆழமற்ற நீரில் இறகு இரையை நோக்கி நோக்கித் திரும்பிப் போகும் இயல்பினது. கொடுவாவுக்கு மாறாக, அது கடலில் வாழ்ந்து ஆற்றிலே முட்டையிடும். அம்மீனை வயலுக்கு எருவாக இடுதல் கூடாதென மாசசூசெட்ஸ் குடியேற்றத்தார் 1639-ஆம் ஆண்டிலேயே தடைவிதித்தனர். 1670-இல் பிளிமத் குடியேற்றத்தார், அம்மீன் முதலியவற்றால் வந்த வருவாயைக் கொண்டு பள்ளி ஒன்று நடத்த ஏற்பாடு செய்தனர். அத்தகைய மீனும் 1970-களின் இறுதியில் அளவின்றிப் பிடிக்கப்பட்டு அருகத் தொடங்கியது. 1984-இல் அதனைக் காக்கச் சட்டம் பிறந்தது. மேரிலாந்து மாநிலம் 1985 முதல் 1990 வரை அதனைப் பிடித்தலையே நிறுத்தியது. 1995-இல் அவ்வினம் மீண்டுவிட்டதென அறிவிக்கப்பட்டது.

மீனவர் கேட்டுவிட்டு, “ஒருவன் மட்டும் விட்டால் மற்றவன் பிடிப்பான். எல்லாரும் நிறுத்தினால் நானும் நிறுத்துவேன். அந்நாட்களுக்கு வீட்டில் உலை கொதிக்க வழி வேண்டும். விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் தடைக்காலம் இருக்கிறதே” என்றார். தமிழகக் கடலில் விசைப்படகுகளுக்கு 2001 முதல் 45 நாட்களாக இருந்த அத்தடைக்காலம், 2017 முதல் 61 நாட்களாக உயர்த்தப்பெற்றது. எளிய மீனவர் சொல்லிய அச்சொல்லில் அமெரிக்கச் சட்டத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருந்தது.

பேரன் மீண்டும் கோலைக் கையில் எடுத்தான். “இன்னும் ஒன்று, தாத்தா. இப்போது வழி தெரிந்துவிட்டது” என்றான்.

முதியவர் நகைத்தார். “சூதிலே பெறும் வெற்றியை வள்ளுவர் எதற்கு ஒப்பிட்டார், தம்பி?”

பேரன் சிறிது நினைந்து, “தூண்டில் இரும்பை இரையென்று எண்ணி மீன் விழுங்குவதற்கு” என்றான்.

“இன்னும் ஒன்று என்றாயே, அதுதான் அந்த இரும்பு” என்று கூறி, முதியவர் கயிற்றை உருளையிற் சுற்றத் தொடங்கினார்.

திரும்பும் வழியில் பேருந்து பழையசீவரத்தை அடைந்தது. அங்கே மூன்று ஆறுகளும் கூடும் இடம் பரந்து கிடந்தது. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் இருகரையும் புரள வெள்ளம் பாய்ந்த அதே பாலாற்றில், அன்று மணல்வெளியின் நடுவே மெல்லிய நீர்க்கோடு ஒன்றே ஓடியது. “அந்தக் கொடுவாவின் குஞ்சு ஒன்று காஞ்சிவரை ஏறிவர நினைத்தால் வரமுடியுமா?” என்று முதியவர் கேட்டார்.

“இந்த நீரில் வரமுடியாது, தாத்தா.”

முதியவர் நெடுநேரம் சன்னல்வழியே நோக்கியிருந்தார். பிறகு, “பாவில் ஆயிரம் இழை அறுந்தாலும் நான் ஒருவன் உட்கார்ந்து பிணைத்துவிடுவேன். இந்த ஓர் இழையைப் பிணைக்க ஊரே உட்கார வேண்டும் போலும்” என்றார்.

மறுநாள் வைகறையில் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் பாவு விரிந்தது. முதியவர் சாம்பற் கிண்ணத்துடன் அமர்ந்தார். அவர் அருகே, இழை முனைகளை எடுத்துத் தரப் பேரனும் அமர்ந்தான்.