பழநி மலையில வெள்ளியைப் பிசையலாம், வாங்க!

கொடைக்கானல் கிளம்பிட்டீங்களா? ஏரியில போட்டிங், வாடகை சைக்கிள், ஹோம்மேட் சாக்லேட், குணா குகை பக்கம் போய் 'அபிராமி'னு ஒரு சவுண்டு... இதெல்லாம் உங்க சீனியர்ஸ் பண்ணி முடிச்சு ஆல்பமே போட்டாச்சு பாஸ். இந்தத் தடவை ரூட்டை மாத்துங்க. வத்தலக்குண்டு பக்கம் போகாம பழநி வழியா ஏறுங்க.

ஏறுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்டாப். பழநிக்குத் தென்மேற்கே சுமார் 12 கி.மீ. தூரத்துல பொருந்தல்னு ஒரு கிராமம். வயல், பக்கத்துல அணை, பின்னாடி சுவர் மாதிரி மலை. அவ்வளவுதான் தெரியும். ஆனா 2009, 2010-ல பாண்டிச்சேரி பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் தலைமையில இங்கே அகழாய்வு பண்ணப்போ, கண்ணாடி மணி செய்த உலையும் ஆயிரக்கணக்கான மணிகளும் கிடைச்சிருக்கு. ஒரு கல்லறையில ஜாடி நிறைய நெல். அதோட வயசைக் கணக்குப் போட்டா கி.மு. 490! மேலே தாண்டிக்குடியிலயும் சூதுபவள மணிகள் கிடைச்சிருக்கு. இந்த மலையில இருக்கிற கற்திட்டைகளைப் பத்தி ஆங்கிலேட், நியூட்டன்னு ரெண்டு பாதிரியார்கள் 1928-லயே புத்தகம் போட்டுட்டாங்க.

இதை மனசுல வெச்சுக்கிட்டு ஏரிக்கரைக் கடைகளைப் பாருங்க. பாசி மாலை கலர் கலரா தொங்கும், நிறைய பிளாஸ்டிக். மணி உருக்கின மலையடிவாரத்துக்கு மேலேயே எங்கிருந்தோ மூட்டையில வந்த மணியைப் பேரம் பேசி வாங்குறோம். உலை கிடைச்சிடுச்சு. அந்த உலையில வேலை பார்த்தவங்க கைப்பழக்கம் எந்தத் தலைமுறையில நின்னுச்சு? மண்ணைத் தோண்டினா அதுக்குப் பதில் வராது.

சரி, இப்போ கொடைக்கானலுக்குள்ள வாங்க. பஜார் சரிவுல, ஒரு சின்ன ரூம்ல, எங்க ஆறு பேருக்கு மெட்டல் க்ளே சொல்லிக் கொடுத்தாங்க ஒரு அக்கா. (பேர் போடாதேன்னு கண்டிஷன்.) பார்க்க சப்பாத்தி மாவு மாதிரி ஒரு சாம்பல் நிற உருண்டை. உள்ளே இருக்கிறது வெள்ளி. ரொம்ப நைசான வெள்ளித் தூள், அதைச் சேர்த்துப் பிடிக்க ஒரு பசை, கொஞ்சம் தண்ணி. 1990-களின் தொடக்கத்துல ஜப்பான்ல மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் உருவாக்கினது. பிசையலாம், பூரிக்கட்டையால தேய்க்கலாம், இலையை வெச்சு அழுத்தலாம். சுட்டா பசை எரிஞ்சு போயிடும். வெள்ளித் துகள்கள் உருகாமலே ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். வெள்ளி உருக 961 டிகிரி செல்சியஸ் வேணும். இதுல சில வகைக்கு 650 டிகிரியில அரை மணி நேரமே போதும். மெக்கானிக்கல் மக்களே, நாம எக்ஸாமுக்காக மனப்பாடம் பண்ணின பவுடர் மெட்டலர்ஜி, சின்டரிங் எல்லாம் இதேதான்! லேப்ல யாராவது ஒரு மோதிரம் செஞ்சு காட்டியிருந்தா அந்த யூனிட்டை சாய்ஸ்ல விட்டிருப்போமா?

சுட்டா சுருங்கும். நீளத்துல 10 சதவீதம் சுருங்கினா கன அளவுல 27 சதவீதம் காலி. அதனால மோதிரத்தை விரலைவிடப் பெரிசாவே செய்யணும்.

கொடைக்கானல்ல இந்த வேலைக்கு ஒரே வில்லன் மூடுபனி. ஈரம் துளி இருந்தாலும் சுடும்போது வெடிச்சிடும். காஞ்சிடுச்சான்னு பார்க்க அக்கா ஒரு டெக்னிக் வெச்சிருக்காங்க. லேசா சூடு காட்டி, உடனே கண்ணாடி மேல வைக்கணும். கண்ணாடியில ஆவி படிஞ்சா இன்னும் ஈரம் இருக்குனு அர்த்தம். கீழே மதுரையில சீக்கிரம் காயுற பீஸ், இங்கே அடுப்புப் பக்கத்துலயே தவம் கிடக்கும். ஆனா மப்பும் மந்தாரமுமா இருக்கிறதுல ஒரு லாபமும் உண்டு. கேஸ் டார்ச்சால சின்ன பீஸைச் சுடும்போது, அது இளஞ்சிவப்பா ஒளிர்ற பதத்தை மங்கல் வெளிச்சத்துலதான் கண்டுபிடிக்க முடியும். சுட்டு எடுத்தா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா இருக்கும். அட, ஏமாந்துட்டோமேனு தோணும். கம்பி பிரஷ்ஷால தேய்ங்க, உள்ளேயிருந்து வெள்ளி சிரிக்கும்.

உப்புத்தாள் போடும்போது மட்டும் அக்கா டீச்சராவே மாறிடுவாங்க. தண்ணி தொட்டுத்தான் தேய்க்கணும், தூள் பறக்கக் கூடாது. ஓவரா இருக்கேனு நினைக்காதீங்க. இந்த ஊர்ல 1980-களில் தொடங்கி, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்த தெர்மாமீட்டர் ஃபேக்டரி, மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில பாதரசம் கலந்த உடைசல் கண்டுபிடிக்கப்பட்டதும் 2001-ல மூடப்பட்டுச்சு. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோட கம்பெனி உடன்பாட்டுக்கு வர 2016 ஆச்சு. கையில எதைத் தொடுறோம், மூக்குல எது போகுதுனு கேட்கிற உரிமை முதல் கிளாஸ்லயே வந்துடணும்.

அக்காகிட்ட படிக்கிறவங்கள்ல ரெண்டு பேர் உள்ளூர்ப் பொண்ணுங்க. டூரிஸ்ட்டுக்கு இது ஒரு மதியப் பொழுதுபோக்கு, அவங்களுக்கு வருமானம். சில்வர் க்ளே விலை அவங்களுக்குக் கட்டாது. அதனால காப்பர் க்ளேயில பழகுறாங்க. தாமிரம் காத்து பட்டா கறுக்கும், அதனால தேங்காய்ச் சிரட்டைக் கரியில செஞ்ச ஆக்டிவேட்டட் கார்பனுக்குள்ள புதைச்சுச் சுடணும். அதுக்கு எலெக்ட்ரிக் சூளை வேணும். அந்த ரூம்ல இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி உபயோகிக்கிறாங்க. வர்றவங்க கம்மலைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, 'ஏரிக்கரையில இதைவிட சீப்பா இருக்கே'னு வெச்சுட்டுப் போறாங்களாம். நீங்க அப்படிச் சொல்லாதீங்க, ப்ளீஸ். எப்படிச் செஞ்சீங்கனு கேளுங்க.

இலை பதிக்கிறதுதான் எனக்குப் பிடிச்ச அயிட்டம். இலையோட பின்பக்கம், நரம்பு துருத்திக்கிட்டு இருக்கிற பக்கம், க்ளேயைக் கூழ் மாதிரி கரைச்சு பிரஷ்ஷால தடவணும். காயவிட்டு மறுபடி. எட்டு, பத்து கோட். சூளையில இலை சாம்பலாயிடும், நரம்பு மட்டும் வெள்ளியில நிக்கும். தாண்டிக்குடி வழியா இறங்கினா காபித் தோட்டம் வரும். தோட்டத்துக்காரர்கிட்ட கேட்டுட்டு ரெண்டு இளம் இலை பறிச்சுக்கோங்க. ஒரே சைஸ்ல பாருங்க, கம்மல் ஜோடிக்கு அதுதான் பெரிய கஷ்டம்.