கடல் காணாத ஊரில் கடற்செய்தி

நாமகிரிப்பேட்டை என்றதும் வெளியூரார்க்கு இரண்டு செய்திகள் நினைவுக்கு வரும். ஒன்று நாதஸ்வர மேதை கிருஷ்ணன், மற்றொன்று மஞ்சள். கடல் எவர் நினைவுக்கும் வராது. ஒருபுறம் போதமலை, மறுபுறம் கொல்லிமலை. கிழக்கே 150 கிலோமீட்டருக்குக் குறையாமல் சென்றால்தான் உப்புக்காற்று முகத்தில் படும். ஆயினும் என் இளமைக்காலத்தில் எங்கள் வீட்டில் நாள்தோறும் ஒலித்த பெயர்கள் லட்சத்தீவு, மாலத்தீவு, குமரிக்கடல் என்பனவே. வானொலியில் வானிலை அறிக்கை தொடங்கிவிட்டால் அத்தா எவரையும் பேச விடமாட்டார்.

அத்தா மஞ்சள் மண்டியில் கணக்கெழுதி வந்தார். சிறிது நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மஞ்சளும் பயிரிட்டார். வெட்டியெடுத்த மஞ்சளை வேகவைத்துக் களத்தில் பரப்பினால் பத்துப் பதினைந்து நாள் நல்ல வெயில் வேண்டும். இடையில் மழை நனைத்துவிட்டால் நிறம் மங்கும், பூஞ்சணம் பிடிக்கும். அப்புறம் மண்டியில் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பவரே குறைவு.

ஒரு மாசி மாதத்து மாலை. குமரிக்கடலை ஒட்டிக் காற்றழுத்தத் தாழ்வு ஏற்பட்டிருப்பதாக வானொலி அறிவித்தது. அத்தா இராசிபுரம் செல்லப் புறப்பட்டவர், "ராவுக்குள்ள படுதாவ இழுத்துப் போட்டுருப்பா" என்று சொல்லிச் சென்றார். நான் களத்திற்குச் சென்று அண்ணாந்து பார்த்தேன். வானம் முழுதும் விண்மீன்கள். எங்கோ உள்ள தீவுகளுக்கருகே காற்று சுழன்றால் நமக்கென்ன என்று எண்ணி உறங்கிவிட்டேன். ஃபஜ்ருத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் முன்பே மழை இறங்கிற்று. அவ்வாண்டு நடக்கவிருந்த அக்காவின் நிக்காஹ் மறு ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று. அத்தா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

பருவத்தைக் குறிக்கும் 'மவ்சிம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்தே மேலை மொழிகளின் 'மான்சூன்' பிறந்தது என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாலுமி அஹ்மத் இப்னு மாஜித், பயணத்திற்குரிய காற்றுப் பருவங்களை நாட்கணக்கிட்டு எழுதி வைத்தார். தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் நம்பியவரல்லர் அவர்.

லட்சத்தீவுக் கூட்டத்தின் 36 தீவுகளில் மக்கள் வாழ்பவை பத்தே. கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே உள்ள அம்மணல்திட்டுகளுக்குப் பவளப்பாறைகளே அரண். 2017 நவம்பர் 30 அன்று குமரிக்கடலில் புயலாக வலுப்பெற்ற ஒக்கி, குமரி மாவட்டத்தைச் சூறையாடிப் பின் மினிக்காய் உள்ளிட்ட தீவுகளையும் தாக்கிற்று. அதற்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட மீனவர்களின் செவிகளை எச்சரிக்கை எட்டவில்லை. நூற்றுக்கணக்கானோர் கரை திரும்பவில்லை. எங்கள் களத்தில் நனைந்தது மஞ்சள். அங்கே போனது உயிர்.

புயலாவது மேகத்தையும் காற்றையும் முன்னே அனுப்புகிறது. அறிவிப்பின்றி வரும் அலை வேறொன்று உண்டு. நம் வெப்பமண்டலத் தீவுகளைக் குளிர்முகம் வந்து தொடுவது அரிது. ஆனால், தென்கோடிப் பெருங்கடலில் குளிர்காற்றும் வெப்பக்காற்றும் முட்டிப் பெரும்புயல் எழும்போது, அங்குத் தோன்றும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து சில நாட்களில் இங்கு வந்து சேர்கின்றன. நடுக்கடலில் அவற்றைக் காண்பதே கடினம். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே பதினைந்து நொடிக்கும் மேலாகும். கரையின் ஆழமற்ற நீரை அடைந்ததும் அவை திடீரென எழும். திரும்புகையில் மணலோடு ஆளையும் இழுக்கும். வெயில் அடிக்கும், காற்றே இராது. கேரள மீனவர் இதனைக் 'கள்ளக்கடல்' என்பர். எத்துணைப் பொருத்தமான பெயர்! ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இவ்வலைகளை முன்கூட்டியே கணித்து அறிவிக்கிறது.

2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை. இறுதியாண்டு மாணவர்களோடு கன்னியாகுமரி சென்றிருந்தேன். கள்ளக்கடல் எச்சரிக்கையை முந்தின நாளே செய்தியில் கண்டிருந்தேன். கரைக்குப் போனால் கடல் கண்ணாடி போல் கிடந்தது. "ஐயா, முழங்கால் அளவு மட்டும்" என்று கெஞ்சினர். அவர்களுள் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கடலைக் கண்டவர்கள். உள்ளபடியே சொல்கிறேன், என் மனமும் இளகிற்று. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அந்தப் படுதா நினைவுக்கு வந்தது. எவரும் மணலைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "வானம் இவ்வளவு தெளிவா இருக்கே ஐயா" என்றார் ஒரு மாணவர். அதற்கு என்னிடம் விடை இருந்தது, சொல்லவில்லை. திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் ஒருவரும் பாடவில்லை. என் பக்கமாக ஒருவரும் திரும்பவுமில்லை.

மறுநாள், மே 6 அன்று, அதே குமரி மாவட்டத்தில் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவரை அலை இழுத்துச் சென்றது. திருமணம் ஒன்றிற்காக வந்தவர்கள், என் மாணவர்களைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்களாக இருக்கலாம். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அன்று மாலை, வானம் தெளிவாக இருக்கிறது என்று சொன்ன அந்த மாணவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா" என்றார். நெடுநேரம் இருவரும் இணைப்பைத் துண்டிக்காமல் இருந்தோம்.