உள்ளேன் ஐயா

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு அக்கா மகள் போன் செய்தாள். கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் சேர்ந்து ஒரு மாசம்தான் ஆகிறது. ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்று பேசுகிறாள் என்பது காற்றுச் சத்தத்திலேயே தெரிந்தது.

''மாமா, எனக்கு இங்க பிடிக்கல. வீட்டுக்கு வந்துடட்டுமா?''

''யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?''

''யாருமே எதுவுமே சொல்லல மாமா. அதான்...''

அந்த 'அதான்' எனக்கு நன்றாகப் புரிந்தது.

1998-ல் நான் கோவில்பட்டியிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்தேன். இன்ஜினீயரிங் சேர்க்கைக்கு ஒற்றைச்சாளர முறை வந்து இரண்டாவது வருஷம். வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதெல்லாம் 2018-ல்தான் வந்தது. நாங்கள் கிண்டிக்கு நேரில் போய், கல்லூரியின் பெயரைச் சொல்லி சீட் வாங்கினோம். பெயரைச் சொன்னதும் அப்பாதான்!

ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். சென்னையில் ராகிங் செய்வார்கள் என்று ஊரே பயமுறுத்தி அனுப்பியது. அதற்கு 1997-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டதாலோ என்னவோ, என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை. பேர் என்ன என்றுகூடக் கேட்கவில்லை. மெஸ்ஸில் இரண்டாவது தடவை சாதம் கேட்கக் கூச்சப்பட்டு, அரை வயிறோடு எழுந்து போவேன். 'கூடப் படிக்கிற பிள்ளைங்களுக்குக் குடுய்யா' என்று அம்மா கட்டிக்கொடுத்த இரண்டு கிலோ கடலைமிட்டாய்தான் ராத்திரி சாப்பாடு. கடித்தால் சத்தம் வருமே! போர்வைக்குள் படுத்துக்கொண்டு, வாயிலேயே ஊறவைத்துத் தின்பேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுத்தால் கூரை அதிர 'உள்ளேன் ஐயா' என்று கத்துவோம். இங்கே 'பிரசன்ட் சார்'. இரண்டே வார்த்தை. என் நம்பர் 47. நாற்பதைத் தாண்டும்போதே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். முறை வரும்போது உதடு அசையும். குரல் முன் பெஞ்சைத் தாண்டாது. கணக்கு வாத்தியார் குனிந்த தலை நிமிராமல் 'ஆப்சென்ட்' போட்டுவிட்டு அடுத்த நம்பருக்குப் போய்விடுவார். எழுந்து, 'சார், நான் இருக்கேன்' என்று சொல்லலாம்தான். அதைச் சொல்லத் தெரிந்தால் முதலிலேயே சத்தமாகச் சொல்லியிருப்பேனே!

நவம்பரில் நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். பரீட்சை எழுத 75 சதவீத வருகை வேண்டும். கணக்கில் எனக்கு 61. ஒருநாள்கூட லீவு போடாதவன் நான்.

ரூமுக்கு வந்து பெட்டியைக் கட்டினேன். பாரிமுனை போனால் ஊருக்கு பஸ். ஆனால், அங்கே போய் என்ன சொல்வது? ஃபீஸ் கட்டுவதற்காக அடகுக்குப் போன அம்மாவின் செயின் இன்னும் வீட்டுக்குத் திரும்பவில்லை. கட்டிய பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

''எங்கடா கிளம்பிட்டே?''

வாசலில் நம்பர் 48. தர்மபுரிக்காரன். மூன்று மாசம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தும் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டோம். தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன்.

''நீ தினமும் 'பிரசன்ட்' சொன்னியேடா... எனக்குக் கேட்டுச்சே!''

அன்றைக்கு அவன் கையைப் பிடித்து இழுத்துப் போகாவிட்டால் நான் போயிருக்க மாட்டேன். கணக்கு வாத்தியார், ''கிளாஸ்ல இருந்தேங்கிறதுக்கு என்னப்பா சாட்சி?'' என்றார். 48 வாயைத் திறப்பதற்குள் நான் என் நோட்டை நீட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் வலது மூலையில் தேதி போடுவது என் பள்ளிக்கூடப் பழக்கம். அவர் ரிஜிஸ்டரில் நான் ஆப்சென்ட் ஆன நாட்களைத் தேடித் தேடி நோட்டில் பார்த்தார். அன்றைக்கு அவர் போட்ட கணக்கு ஒன்று விடாமல் இருந்தது.

''இதை எழுதினவன் கிளாஸ்ல இல்லேன்னா, அன்னிக்கு நானும் இல்லேன்னுதான் அர்த்தம்'' என்றார். அங்கேயே திருத்திக் கொடுத்தார்.

ராத்திரி, மிச்சமிருந்த கடலைமிட்டாயை 48-க்கு நீட்டினேன். கடக்கென்று கடித்துக்கொண்டே சொன்னான்... ''பேசாமலே இருந்தியா, உன்னைத் திமிர் பிடிச்சவன்னு நினைச்சேன்டா. எனக்கும் இங்க யாரையும் தெரியாது. எப்படிப் பேச்சுக் கொடுக்கிறதுன்னு பயமா இருந்துச்சு.''

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவர்கள் எல்லோரும் ஒன்றாக இருக்கிறார்கள், நான் மட்டும்தான் தனி என்று மூன்று மாசமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியிலேயே இன்னொருத்தன் அதே மாதிரி காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அதற்கப்புறம் என் கூச்சம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இப்போதும் கூட்டமான பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சத்தம்போட வராமல், அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடக்கிற ஆள்தான் நான். ஆனால், பக்கத்தில் இருக்கிற ஒருத்தருக்குக் கேட்கிற அளவுக்குப் பேசிவிடுவேன். நாலு வருஷத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அக்கா மகளிடம் கேட்டேன். ''உன் நம்பர் என்ன?''

''முப்பத்திரண்டு.''

''முப்பத்திமூணு யாரு?''

கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. ''கண்ணாடி போட்ட பொண்ணு மாமா. பேர் தெரியல. அவளும் யார்கிட்டேயும் பேச மாட்டா.''

''அம்மா என்ன செஞ்சு குடுத்தாங்க?''

''முறுக்கு. டப்பாவை இன்னும் திறக்கவே இல்ல.''

''திற'' என்றேன்.

நேற்று அவளிடமிருந்து ஒரு மெசேஜ்... 'முறுக்கு தீர்ந்துடுச்சு மாமா. இன்னொரு டப்பா அனுப்பச் சொல்லி அம்மாகிட்ட சொல்லுங்க.'