உலாவிப் பொறியும் அதன் பழுது பார்ப்போரும்

உலாவிப் பொறி என்பது இணைய உலாவியின் உட்பகுதி. சேவையகத்திலிருந்து வரும் கோப்பைப் படித்து, கண்ணுக்குத் தெரியும் பக்கமாக வரைவது அதன் வேலை. உலாவிகள் பல பெயர்களில் இருந்தாலும் பரவலாகப் புழங்கும் பொறிகள் மூன்றுதான். மொசில்லாவின் கெக்கோ, ஃபயர்ஃபொக்ஸை இயக்குகிறது. கே.டி.ஈ. திட்டத்தின் பழைய பொறியிலிருந்து ஆப்பிள் 2001இல் கிளைபிரித்து வளர்த்த வெப்கிட், சஃபாரிக்குள் இருக்கிறது. வெப்கிட்டிலிருந்து கூகுள் 2013இல் பிரித்தெடுத்த பிளிங்க் என்ற பொறி குரோம், எட்ஜ், ஒபேரா முதலியவற்றை இயக்குகிறது. மூன்றின் மூலநிரலும் திறந்தது. பாதுகாப்புக் குறைகளை விட்டால், அவற்றின் வழுப்பட்டியல்களையும் யாரும் படிக்கலாம், யாரும் சேர்க்கலாம். ஆகவே பொறியைப் பழுது பார்க்கும் வேலை பெரிய நிறுவனங்களின் சுவர்களுக்குள் மட்டும் நடப்பதில்லை. அதன் முதற்படி கொழும்பு மருதானையிலும் நடக்கிறது.

பொறி தன் வேலையை ஒழுங்கான படிகளில் செய்கிறது. முதலில் பக்கத்தின் குறிநிரலைப் படித்து, தலைப்பு, பத்தி, படம், இணைப்பு என்று கிளைவிடும் மரமாக அடுக்குகிறது. அடுத்து நடைத்தாள் விதிகளைப் பார்த்து, ஒவ்வொரு கூறுக்கும் நிறம், அளவு, எழுத்துரு எதுவென்று தீர்மானிக்கிறது. பிறகு ஒவ்வொன்றும் திரையில் எந்த இடத்தில், எவ்வளவு அகலத்தில் அமையும் என்று கணக்கிடுகிறது, இதுவே தளவமைப்பு. கடைசியாக அடுக்கடுக்காக வரைந்து, அடுக்குகளைச் சேர்த்துத் திரைக்கு அனுப்புகிறது. இதற்கிடையே ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓடி மரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். மாற்றம் வந்தால் பாதிக்கப்பட்ட படிகளை மறுபடியும் செய்யவேண்டும். வழு எந்தப் படியில் புகுந்தது என்று அறிவதே திருத்துபவரின் முதல் வேலை. ஒரு சொல் திரையில் உடைந்து தெரிந்தால், பிழை பக்கத்தை எழுதியவருடையதாக இருக்கலாம், எழுத்துருவுடையதாக இருக்கலாம், இயங்குதளத்துடையதாக இருக்கலாம், பொறியுடையதாகவும் இருக்கலாம்.

தமிழும் சிங்களமும் அதிகம் சிக்கும் இடம், எழுத்துகளைக் கணினி சேமிக்கும் எண்களான குறியெண்களை எழுத்து வடிவங்களாக மாற்றும் கட்டம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரு குறியெண்ணுக்கு ஒரு வடிவம் போதும். தமிழில் அது நடக்காது. ‘கொ’ என்பது கோப்பில் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியெண்கள். திரையில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வரவேண்டும். அதே எழுத்தைக் ககரம், கொம்பு, கால் என்று மூன்று குறியெண்களாகவும் சேமிக்கலாம். உலகப் பொதுக் குறியெண் தரமான யூனிகோடு இரண்டையும் சமமென்றே கொள்கிறது. எனவே இரண்டும் ஒரே மாதிரி தெரியவேண்டும். பக்கத்துக்குள் தேடும்போது ஒன்றைத் தட்டச்சிட்டால் மற்றதும் அகப்படவேண்டும். கெக்கோவும் பிளிங்கும் வடிவம் தேரும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற திறந்த நிரல் நூலகத்திடம் ஒப்படைக்கின்றன. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அதன் முதன்மை ஆசிரியர். ஆப்பிள் கருவிகளில் வெப்கிட், இயங்குதளத்தின் சொந்த எழுத்து நூலகத்தைப் பயன்படுத்துகிறது.

இந்தக் கட்டத்தில் வரும் வழு சிறியதென்று ஒதுக்கமுடியாது. 2018 பெப்ரவரியில் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து செய்தியில் வந்து சேர்ந்ததும் ஐபோன்களில் செயலிகள் செயலிழந்து விழுந்தன. அதே மாதத்தில் வெளியான ஐஓஎஸ் 11.2.6 பதிப்பில்தான் ஆப்பிள் அதைச் சரிசெய்தது. கோடிக்கணக்கானோர் அன்றாடம் எழுதும் மொழியின் எழுத்தொன்று சோதனைகளில் அகப்படாமல் நழுவியதே அந்தச் சம்பவம் சொல்லும் செய்தி.

இலங்கையில் இந்தச் சிக்கல் ஒரு காலத்தில் கண்ணில் படவே இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பக்கத்தைப் பொறி ஆங்கில எழுத்துகளாகவே அறிந்திருந்தது. தமிழ் வடிவம் எழுத்துருவுக்குள் மட்டும் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தது. யூனிகோடு பரவியதும் பொறுப்பு பொறியின்மேல் வந்தது. தமிழ்க் குறியெண்களுக்கும் விசைப்பலகைக்குமான இலங்கைத் தரம் 2008இல் 1326 என்ற எண்ணில் வெளியாயிற்று. சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகளாகவும் ஆங்கிலம் இணைப்பு மொழியாகவும் உள்ள நாட்டில், பொது இணையத்தளம் ஒவ்வொன்றும் மும்மொழிகளில் நிற்கவேண்டும். அதனால் இங்கே பக்கங்களைச் சோதிப்பவர் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர் காணாத வழுக்களைக் காண்கிறார்.

மருதானை கொழும்பின் பழைய தொழில் வட்டாரம். 1893இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி இங்கே இருக்கிறது. பஞ்சிகாவத்தையின் வாகன உதிரிப்பாகக் கடைகளும் இங்கேதான். ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், கடைகளுக்கு மேலுள்ள மாடி அறையொன்றில் சில இளைஞர்கள் இணையத்தளங்களை மும்மொழிகளிலும் சோதித்துக் கொடுக்கிறார்கள். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பஸ்ஸில் வருபவர்கள். மேசைமேல் புதிய மடிக்கணினிகளோடு, திரை கீறல் விழுந்த பழைய அண்ட்ரொய்ட் போன்களும் வரிசையாகக் கிடக்கின்றன. வாசகர்களிடம் இருப்பது அந்த மாதிரிப் போன்தான் என்பதால், எந்தப் பக்கமும் முதலில் அவற்றில்தான் திறக்கப்படுகிறது.

அங்கே காணக் கிடைத்த வழு ஒன்று இந்தத் தொழிலின் இயல்பைத் தெளிவாகக் காட்டுகிறது. கோயில் திருவிழா அறிவித்தல் ஒன்றின் முதலெழுத்தைப் பெரிதாகவும் சிவப்பாகவும் காட்டும்படி நடைத்தாளில் விதி எழுதப்பட்டிருந்தது. தலைப்பு ‘ஸ்ரீ’ என்று தொடங்கியது. திரையில் ‘ஸ்’ மட்டும் பெரிதாகிச் சிவந்து, ‘ரீ’ பிரிந்து சிறிதாகக் கறுப்பில் நின்றது. கூட்டு வடிவம் உருவாகவே இல்லை.

“பொண்ட்ல பிழை இல்ல அண்ணா. பேஜ்லயும் இல்ல. பிரவுசர்தான் எழுத்தைப் பிரிக்குது,” என்றார் இளையவர்.

“சரி தம்பி, முதல்ல பேஜைச் சின்னதாக்குங்க. பிறகு பிரவுசரைச் சொல்லலாம்,” என்றார் மூத்தவர்.

சின்னதாக்குவது என்பது, வழு மறையாதவரை பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போவது. படங்கள் போயின, விளம்பரம் போயிற்று, நிரல்கள் போயின, மற்ற நடைத்தாள் விதிகள் போயின. முடிவில் எஞ்சியது சில வரிகள்: மொழி தமிழ் என்று சொல்லும் குறிப்பு, ஒரு பத்தி, அதில் ‘ஸ்ரீ’ என்ற ஒரே எழுத்து, முதலெழுத்துக்கான ஒரே விதி. வழு அப்படியே நின்றது. இந்தச் சில வரிகள்தான் சோதனைக்கோப்பு. தமிழ் தெரியாத பொறியாளர் ஒருவர் உலகின் எந்த மூலையில் திறந்தாலும் வழுவைக் கண்ணால் காணலாம்.

காரணமும் அந்தச் சில வரிகளிலேயே தெரிகிறது. ‘ஸ்ரீ’ கோப்பில் நான்கு குறியெண்கள்: ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி. எழுத்தின் எல்லை எது என்று சொல்லும் யூனிகோடின் பொது விதி, புள்ளிக்குப் பிறகு ஓர் எல்லை வைக்கிறது. ‘அம்மா’ போன்ற சொற்களுக்கு அது சரி. மகர ஒற்று தனியெழுத்து. ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ ஆகிய இரண்டுக்கும் அது பொருந்தவில்லை. 2023இல் வந்த 15.1ஆம் பதிப்பு, தேவநாகரி, வங்கம், தெலுங்கு, மலையாளம் உள்ளிட்ட எழுத்துமுறைகளின் கூட்டெழுத்துகளைப் பிரிக்காமல் காக்கப் புதிய விதி சேர்த்தது. தமிழ் அதில் இல்லை. ஆகவே பொது விதியை அப்படியே பின்பற்றும் பொறி ‘ஸ்ரீ’யை உடைக்கும். நடைத்தாள் விதிமுறை, மொழிக்கேற்ப எல்லையை மாற்றிக்கொள்ளும் உரிமையைப் பொறிக்கு வழங்குகிறது. திருத்தம் வரவேண்டிய இடம் அதுதான். 2005இல் யூனிகோடு தாலவிய சகரத்தைச் சேர்த்தபின் ‘ஸ்ரீ’யை அந்த எழுத்தோடும் எழுதலாம் என்பதால், சோதனை இரண்டு வகைக்கும் எழுதப்பட்டது.

அடுத்த கேள்வி, வழு எப்போது புகுந்தது என்பது. முந்தைய பதிப்பில் சரியாக இருந்து புதிய பதிப்பில் கெட்டிருந்தால், இடையில் ஆயிரம் நிரல்மாற்றங்கள் நடந்திருக்கலாம். நடுவிலுள்ள மாற்றத்தின் பதிப்பை எடுத்துச் சோதித்தால் பாதி விலகிவிடும். மிச்சத்தின் நடுவை எடுத்தால் மறுபடி பாதி விலகும். ஆயிரத்திலிருந்து குற்றவாளியான ஒன்றை அடையப் பத்துச் சோதனை போதும். பஞ்சிகாவத்தை மெக்கானிக் எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே பாதிப் பாகங்களைக் கணக்கிலிருந்து தள்ளுவது போன்றது இது. மொசில்லாவும், குரோமின் திறந்த மூலத் திட்டமான குரோமியமும் இதற்கான கருவிகளைத் தருகின்றன. அவை பழைய பதிப்புகளைத் தாமே இறக்கித் திறந்து காட்டும், சோதிப்பவர் சரி, பிழை என்று மட்டும் சொன்னால் போதும். தொடக்கம் முதலே இருக்கும் வழுவுக்கு இந்த வழி உதவாது. ‘ஸ்ரீ’ வழு அந்த வகை.

திருத்துவதற்கு மூலநிரலைத் தொகுக்கவேண்டும். குரோமியத்துக்குக் குறைந்தது 8 ஜிகாபைட் நினைவகமும் 100 ஜிகாபைட் வட்டு இடமும் வேண்டுமென்று அதன் வழிகாட்டி சொல்கிறது. சாதாரண மடிக்கணினியில் தொகுப்பு பல மணிநேரம் ஓடும். ஃபயர்ஃபொக்ஸில், கனமான பகுதிகளை ஏற்கெனவே தொகுத்த நிலையில் இறக்கிக்கொண்டு மேற்பகுதியை மட்டும் மாற்றிப் பார்க்க வழியுண்டு. ஆனாலும் பொறியின் ஆழத்தைத் தொடும் திருத்தத்துக்கு முழுத் தொகுப்பே வேண்டும்.

திருத்தத்தோடு சோதனையும் போகவேண்டும் என்பது மூன்று பொறிகளிலும் எழுதப்பட்ட வழக்கம். ‘ஸ்ரீ’க்கான சோதனை இரண்டு பக்கங்கள் கொண்டது. ஒன்றில் முதலெழுத்து விதி. மற்றதில் அதே எழுத்தைத் தனிக் கூறாகச் சுற்றி அதே அளவும் நிறமும். இரண்டையும் பொறி வரைந்து புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடும். வேறுபட்டால் சோதனை தோல்வி. இத்தகைய சோதனைகள் மூன்று பொறிகளுக்கும் பொதுவான ஒரு திறந்த களஞ்சியத்தில் சேர்கின்றன. ஒருமுறை சேர்ந்த சோதனை, பிறகு யார் எந்த மாற்றம் செய்தாலும் தானாக ஓடும். நிரலை மற்றொருவர் வரிவரியாகப் படித்து ஒப்புதல் தந்தபிறகே அது மூலத்தில் சேரும். குரோமும் ஃபயர்ஃபொக்ஸும் நான்கு வாரச் சுற்றில் பதிப்புகளை வெளியிட்டு வந்திருக்கின்றன. இன்று சேர்ந்த திருத்தம் சோதனைப் பதிப்புகளைத் தாண்டி வாசகரின் போனை அடையச் சில வாரங்கள் செல்லும்.

சில வழுக்கள் நிரலில் இருப்பதில்லை, விதியிலேயே இருக்கும். சிங்கள ‘ஸ்ரீ’ அதற்குச் சரியான சான்று. அந்த எழுத்தின் இரு மெய்களையும் ஒட்டவைப்பது, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி. 2003ஆம் ஆண்டின் இணைய முகவரி விதி அந்தக் குறியை அழித்துவிட்டது. முகவரியில் எழுதிய எழுத்து உடைந்து வேறு முகவரியாயிற்று. 2010இல் வெளியான புதிய விதி, உரிய இடத்தில் குறியை அனுமதித்தது. அதே ஆண்டில்தான் இலங்கைக்குச் சிங்களத்திலும் தமிழிலும் உயர்மட்ட முகவரிகள் ஒதுக்கப்பட்டன. ஆனால் பழைய முகவரிகள் முறியக்கூடாதென்று உலாவிகள் இடைக்கால வழியொன்றைக் கைக்கொண்டன. குரோம் அதைக் கைவிட்டது 2023இல், 110ஆம் பதிப்பில். ஒரு நாட்டின் பெயரோடு ஒட்டிய எழுத்து முகவரிப் பட்டையில் முழுமையாக நிற்க இத்தனை ஆண்டுகள் எடுத்தன.

வேகத்தைக் கூட்டுவது இந்தத் தொழிலின் மறுபாதி. திரை பொதுவாக நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. அதற்குள் நடை, தளவமைப்பு, வரைதல் யாவும் முடியாவிட்டால் பக்கம் விக்கி விக்கி நகரும். இங்கே முதல் விதி, ஊகிக்காமல் அளப்பது. அளவுக்கருவி ஒவ்வொரு படிக்கும் செலவான நேரத்தைப் பட்டையாக வரைந்து காட்டும். மருதானை அறையில் பழைய போன் ஒன்றில் செய்திப் பட்டியலை அளந்தபோது தளவமைப்புப் பட்டை மட்டும் நீண்டு கிடந்தது. பக்கத்தின் நிரல் ஒவ்வொரு செய்திக்கும் அகலத்தை மாற்றிவிட்டு உடனே உயரத்தைக் கேட்டது. கேட்டதும் சரியான விடை சொல்லப் பொறி தளவமைப்பை மறுபடி கணக்கிட்டாக வேண்டும். உயரங்களை எல்லாம் முதலில் கேட்டு, மாற்றங்களை எல்லாம் பிறகு செய்யும்படி நிரலை ஒழுங்குபடுத்தியதும் அந்தப் பட்டை சுருங்கிற்று.

பொறியின் பக்கத்திலும் இதே அக்கறை உண்டு. மாறிய பகுதியைக் குறித்துவைத்து அதை மட்டும் மறுபடி கணக்கிடுவது ஒரு வழி. வேலையை மையச் செயலகத்தின் பல கருக்களுக்குப் பங்கிடுவது இன்னொரு வழி. 2017 நவம்பரில் வந்த ஃபயர்ஃபொக்ஸ் 57, நடைக் கணக்கை இவ்வாறு பங்கிட்டது. குரோம் 2019இல் 77ஆம் பதிப்பிலிருந்து தன் தளவமைப்பு நிரலையே புதிதாக எழுதிப் படிப்படியாக மாற்றியது. மூன்றாவது வழி, ஒருமுறை செய்த வேலையைச் சேமித்துவைப்பது. கெக்கோ, வடிவம் தேர்ந்த சொற்களைச் சேமித்து மறுபடி பயன்படுத்துகிறது. ஆனால் அதன் இயல்பான வரம்பு 32 குறியெண்கள். ஆங்கிலச் சொற்களுக்கு அது தாராளம். ‘தொழில்நுட்பவியலாளர்களுக்கிடையிலான’ என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரிவன 19 எழுத்துகள், கோப்பில் இருப்பன 33 குறியெண்கள். அது சேமிப்பில் இடம்பெறாது. இத்தகைய வரம்புகள் தமிழை ஒதுக்க வைத்தவை அல்ல. தமிழ்ப் பக்கத்தை வைத்து யாரும் அளந்து சொல்லாதவரை மாற்றக் காரணம் எழாது என்பதே உண்மை.

இந்த வேலையைச் செய்வோரில் பெரும்பாலோர் கூகுள், ஆப்பிள், மொசில்லா போன்றவற்றிலும், ஸ்பெயினின் இகாலியா போன்ற கூட்டுறவு அமைப்பிலும் சம்பளம் பெறுபவர்கள். தன்னார்வலர் பங்கும் சிறிதல்ல. கூகுளின் கோடைகாலத் திறந்தநிரல் திட்டத்தில் முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். திறமை இந்த நாட்டில் குறைவில்லை. குறைவாக இருப்பது, தன் மொழியின் உடைந்த எழுத்தை வழுவென்று பதிவுசெய்யும் பழக்கம். பலர் திரையைப் படம்பிடித்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

தமிழ் எழுத்து சரியா பிழையா என்று தமிழ் படிப்பவர்தான் சொல்லமுடியும். அடுத்தமுறை ‘ஸ்ரீ’ பிரிந்து நின்றால், தேடலில் ‘கொ’ அகப்படாவிட்டால், பக்கத்தைச் சில வரிகளாகச் சுருக்குங்கள்; எந்த உலாவி, எந்தப் பதிப்பு, என்ன தெரியவேண்டும், என்ன தெரிகிறது என்று நான்கு வரி எழுதுங்கள்; அந்தப் பொறியின் வழுப்பட்டியலில் பதியுங்கள். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்திருந்தால் போதும்.