காவலூர்க் கண்ணாடி

ஊத்தங்கரைக்கு வடகிழக்கே நீலத் திரை விரித்தாற்போல் நிற்கிறது ஜவ்வாது மலை. திருப்பத்தூர், ஆலங்காயம் வழியாக அம்மலைமேல் ஏறினால், சந்தன மரங்கள் வளரும் காட்டினிடையே காவலூர் என்னும் சிற்றூர் வரும். வைணு பாப்பு வானாய்வகம் இருப்பது அங்கேதான்.

எங்கள் பள்ளிக்கு ஒரு சிறு டெலஸ்கோப் வந்து சேர்ந்தது. அதன் அங்கங்களை மாணவர்கள் ஒருவாறு கற்ற பிறகே அவர்களைக் காவலூருக்கு அழைத்துச் சென்றோம். "ஸார், இது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பதுதான் பிள்ளைகளின் முதற் கேள்வி. கடைக்காரர்களும் அதைத்தான் பெருமையாகச் சொல்லுகிறார்கள்! உண்மையில் கேட்க வேண்டியது, கண்ணாடியின் அகலம் என்ன என்பதே. குழாயின் அடியிலுள்ள குழியாடி, மழை நீரை ஏந்தும் அண்டாவைப்போல் நட்சத்திர ஒளியை ஏந்திக் குவிக்கிறது. மேலே சாய்வாக நிற்கும் சிறு கண்ணாடி அவ்வொளியைப் பக்கவாட்டில் திருப்பிக் கண்ணருகு வில்லைக்கு அனுப்புகிறது. பெரிதாக்கும் வேலை அந்த வில்லையினுடையது. எங்கள் ஆடியின் குவிதூரம் 120 செண்டிமீட்டர். 2½ செண்டிமீட்டர் வில்லையை வைத்தால் 48 மடங்கு. இன்னும் சிறிய வில்லை வைத்தால் மடங்கு கூடும். ஆனால் இருக்கிற ஒளியே பரவி உருவம் மங்கிவிடும். குழாயின் முதுகிலுள்ள சிறு தேடுகுழாய், வானத்தில் இடம் கண்டுபிடிக்க மட்டும்.

எங்கள் குழியாடியின் அகலம் 15 செண்டிமீட்டர். காவலூரின் பெரிய டெலஸ்கோப்பிலோ 234! அப்படியானால் அது ஏந்தும் ஒளி 240 மடங்குக்கும் அதிகம் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள். அக்கண்ணாடியைத் தேய்த்து மெருகிட்டது பெங்களூரில், நம்மவர் கைகளே. அதன் மேலுள்ள மெல்லிய அலுமினியப் பூச்சுத்தான் ஒளியைத் திருப்புகிறது. கனத்த கண்ணாடியெல்லாம் அப்பூச்சின் வடிவம் குலையாமல் தாங்குவதற்கே.

தாங்கும் பீடத்தையும் பார்க்க வேண்டும். பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்கின்றன. குழாயும் கூடவே நகர்ந்தாக வேண்டும். ஆகையால் பீடத்தின் அச்சு துருவத்தை நோக்கியிருக்கிறது. காவலூரில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குமேல் சுமார் 12½ பாகையில்தான் தெரியும். எனவே அச்சும் ஏறக்குறையப் படுத்தே கிடக்கிறது. துருவம் இத்தனை தாழ்ந்திருப்பதில் ஒரு லாபமும் உண்டு: தெற்கு வானத்தின் பெரும் பகுதியும் இங்கே அகப்படுகிறது.

இவ்விடத்தைத் தேர்ந்தவர் வைணு பாப்பு. 1968-ல் 38 செண்டிமீட்டர்க் கருவியுடன் இங்கே வேலை துவங்கிற்று. 1972-ல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தாருடைய 102 செண்டிமீட்டர்க் கருவி வந்தது. 1977-ல் யுரேனஸ் கிரகத்தின் வளையங்களைக் கண்டறிந்த கருவிகளில் அதுவும் ஒன்று. இத்தகைய கருவியை நாமே செய்ய வேண்டும் என்று முனைந்த பாப்பு, 1982-ல், தமது 55-வது வயதில் காலமானார். பெரிய டெலஸ்கோப் முடிந்து 1986 ஜனவரியில் அவருடைய பெயரைப் பெற்றது. அதைக் காண அவர் இல்லை.

அந்தப் பிரம்மாண்டமான குழாயைச் சுற்றிச் சுற்றி வந்த ஒரு சிறுமி, "இதிலே கண்ணை எங்கே வைப்பார்கள்?" என்று கேட்டாள். எங்கும் வைப்பதில்லை, அம்மா. இங்கே கண்ணருகு வில்லைக்குப் பதிலாக, ஒளியை மணிக்கணக்காகச் சேர்த்துப் பதிவு செய்யும் மின்னணுக் கருவிகளே இருக்கின்றன. வானாராய்ச்சியாளர் அடுத்த அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்.