வீட்டில் கற்ற சொல்

2020ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் முதல் வாரம். ஊரடங்கால் பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் வந்துவிட்டிருந்தது. தையல் கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு ஒரு கைப்பேசி வாங்கித் தந்திருந்தோம். ஒருநாள் அஸர் தொழுகையை முடித்து எழுந்தபோது, பாடம் படிக்க வாங்கிய அந்தக் கருவியிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. மொழி புரியவில்லை. எட்டிப் பார்த்தேன், நான்கு பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லும் பேசாமல் கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மகள் அழவில்லை. "நீங்களும் ஒரு தடவை பாருங்கம்மா. பார்த்துட்டு அப்புறம் திட்டுங்க" என்றாள். அந்தச் சொல் உறுத்தியது. இரவு அவளை அருகில் அமர்த்திக்கொண்டு பார்த்தேன்.

தென்கொரியாவின் 'பிளாக்பிங்க்' என்ற குழுவினரின் பாடல் அது. பெயர் 'ஹவ் யூ லைக் தட்'. 2020 ஜூன் 26 அன்று வெளியாகி, முதல் 24 மணி நேரத்தில் யூடியூபில் 8 கோடியே 63 லட்சம் முறை பார்க்கப்பட்டுக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. நால்வரில் லிசா என்ற பெண் தாய்லாந்துக்காரி. 2011இல் தம் பதினான்காம் வயதில் பயிற்சிக்காகக் கொரியா சென்று, ஐந்தாண்டுகள் கழித்து 2016இல்தான் மேடை ஏறினாராம். இவற்றையெல்லாம் என் மகள் பாடம் ஒப்பிப்பது போல் சொன்னாள்.

எனக்கோ தையற்காரியின் கண். ஆடையைத்தான் முதலில் பார்த்தேன். கொரியப் பெண்களின் மரபுடைக்கு 'ஹன்பொக்' என்று பெயர். குட்டையான மேற்சட்டையும், மார்பிலிருந்து கணுக்கால் வரை விரிந்து விழும் பாவாடையும் கொண்டது. உடலை இறுக்காத, கண்ணியமான உடை. அதைத்தான் 'தான்ஹா' என்ற கொரிய வடிவமைப்பாளர் இக்காலத்துக்கேற்பக் குறுக்கி இந்தப் பாடலுக்காக ஆக்கியிருந்தார். அவர்களுடைய பாட்டியரின் உடையை நீளம் குறைக்காமலே தைத்திருக்கலாமே என்று சொல்லிவிட்டு, ஆடலும் பாடலும் குறித்து மார்க்க அறிஞர்கள் கூறுவனவற்றையும் எடுத்துரைத்தேன். கடமையை முடித்துவிட்ட நிம்மதியோடு உறங்கப் போனேன்.

ஆனால் நான் கவனிக்கத் தவறிய ஒன்று இருந்தது. அடுத்த தெருவிலிருந்து நாள்தோறும் வரும் அவளுடைய தோழி ஐந்து நாட்களாக வரவில்லை.

எங்கள் ஐயங்கார்குளத்தில் முஸ்லிம் வீடுகள் மிகச் சிலவே. சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் எங்கள் ஊர் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளும் நாளில், வருகிற கூட்டத்துக்காக வாசலில் தண்ணீர்ப் பானை வைப்பது என் மாமியார் காலத்து வழக்கம். அந்தப் பெண்ணின் தந்தை பட்டு நெசவாளர். பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக் கரும்பும், பெருநாளைக்கு எங்கள் வீட்டுச் சேமியாவும் தெரு தாண்டிப் போய்வந்தவை.

"ஏன் அவள் வரவில்லை?" என்று கேட்டேன். மகள் நெடுநேரம் தயங்கிச் சொன்னாள். இருவரும் சேர்ந்துதான் அந்தப் பாடலைப் பார்த்திருக்கிறார்கள். லிசா தோன்றும் ஒரு காட்சியில், பிள்ளையார் உருவம் ஒன்று தரையில் வைக்கப்பட்டிருந்தது. தோழி முகம் வாடி, "சாமியைக் கீழே வெச்சிருக்காங்களே" என்றிருக்கிறாள். என் மகளோ, "அது வெறும் பொம்மைதானே" என்று சிரித்திருக்கிறாள். அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள்.

"ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று அதட்டினேன்.

"நீங்கதானேம்மா அப்படிச் சொல்வீங்க" என்றாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், சதுர்த்தி முடிந்து களிமண் பிள்ளையாரைக் கரைக்க எடுத்துச் சென்றபோது, ஜன்னலோரம் நின்று நான் உதிர்த்த சொல் அது. குழந்தைதானே, என்ன புரியப் போகிறது என்று நினைத்திருந்தேன். பிறர் வணங்குபவற்றை ஏசலாகாது என்று திருக்குர்ஆனின் அல் அன்ஆம் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. அதை ஓதத் தெரிந்த நாவுதான் இதையும் சொல்லியிருக்கிறது. பாவாடையின் நீளத்தை அளந்த என் கண், என் வீட்டுச் சொல்லின் நீளத்தை அளக்கவில்லை.

மறுநாள் முகக்கவசம் அணிந்து இருவரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். "பிள்ளைங்க சண்டைக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க, பாய்அம்மா?" என்று அவள் தாய் சிரித்தார். தோழி தறிக்குப் பின்னால் நின்றாள். "நான் சொன்னது தப்புடி" என்றாள் என் மகள்.

"உங்கம்மா சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல. அம்மா சொன்னதும் தப்புன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

நானும் தலையசைத்தேன். வயதில் சிறிய ஒரு பெண்ணின் முன் அப்படி நிற்பது எளிதாக இல்லை. சற்று நேரத்தில் அவள் வெளியே வந்து என் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த நாட்களில் இந்திய ரசிகர்கள் பலர் அக்காட்சியைக் குறித்து அந்நிறுவனத்திடம் முறையிட்டிருந்தார்கள். பாடல் வெளியான இரு வாரங்களுக்குள் அவ்வுருவம் படத்திலிருந்து நீக்கப்பட்டது. கோடிக்கணக்கானோர் பார்த்துவிட்ட படத்தையே, எங்கோ இருக்கும் அயலாரின் மனம் நொந்தது என்பதற்காகத் திருத்தினார்கள். அடுத்த தெருவில் வாழும் நாம் திருந்துவதற்கு ஐந்து நாட்கள் பிடித்தன.

இன்று அவ்விருவரும் கல்லூரி மாணவிகள். வெவ்வேறு ஊர்களில் படித்தாலும் விடுமுறையில் வந்ததும் முதலில் ஒருவரையொருவர் தேடிப் போகிறார்கள்.

சகோதரிகளே, பிள்ளைகளின் கைப்பேசியில் என்ன ஓடுகிறது என்று அருகிலிருந்து பாருங்கள்; பார்க்கத்தான் வேண்டும். அதோடு, ஜன்னலோரம் நின்று நாம் என்ன பேசுகிறோம் என்பதையும் சற்றுக் கேட்டுக்கொள்ளுங்கள். அதை நம் வீட்டில் ஒரு பிள்ளை மனத்தில் பதித்துக்கொண்டிருக்கலாம்.